முக்கோணமும் பொட்டும்

அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சொல்லே "தொடாதேங்கோ" என்பதுதான்.

வேலைக்குப் போன முதல் நாள். தூசு தட்டுகிற துணியோடு படிக்கிற அறைக்குள் போய், சுவரோரம் நின்ற அலுமாரியின் லாச்சி ஒன்றை இழுத்துவிட்டேன். உள்ளே பஞ்சு விரித்து, அதன்மேல் குருவிகள் மல்லாக்கக் கிடந்தன. கண் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைப் பஞ்சு. இரண்டு காலையும் சேர்த்து நூலால் கட்டி, நூலில் ஒரு கடதாசித் துண்டு. எல்லாவற்றின் சொண்டும் ஒரே திசையைப் பார்த்தபடி இருந்தன. என்னையறியாமல் கையை நீட்டினேன்.

"தொடாதேங்கோ, சின்யோரா! கையுறை போடாமல் தொடவே கூடாது. அதிலை நஞ்சு இருக்கு."

வாசலில் நின்றவர் வீட்டுக்காரர். பள்ளிக்கூடத்தில் விலங்கு, செடி, பறவை எல்லாம் படிப்பித்து ஓய்வெடுத்த வாத்தியார். பொலிதேயாமாச் சதுக்கத்துக் கடைக்காரர் எல்லாரும் அவரைப் புரொபெசோரே என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். மனைவி செத்துப் பல வருஷம். ஒரே மகள் ஜெனோவாவில். அவர் சொன்ன நஞ்சின் பெயர் எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. தொண்டையைப் பிடித்து நாக்கை வெளியே நீட்டிக் காட்டினார். விளங்கிவிட்டது. ஊரில் பாஷாணம் என்போமே, அது. அந்தக் காலத்தில் குருவியை உரித்துத் தோலைப் பூச்சி அரிக்காமல் இருக்க உள்பக்கம் அதைப் பூசுவார்களாம். எத்தனை வருஷம் போனாலும் அது தோலை விட்டுப் போகாதாம்.

இத்தாலிக்கு வந்து எத்தனையோ வீட்டில் நிலம் துடைத்திருக்கிறேன், உடுப்பு மினுக்கியிருக்கிறேன். லாச்சிக்குள் நஞ்சு வைத்திருக்கிற வீட்டுக்கு அதுதான் முதல் தடவை. அன்றைக்கே விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் வரமாட்டேன் என்று சொல்ல வாய் திறக்க வேண்டுமே.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆட்கள் முன்னால் கதைக்கச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பதிலாய்த் தலையை ஆட்டுவேன், எங்கள் ஆட்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரித்து ஆட்டுகிற மாதிரி. இங்கத்தைய ஆட்கள் அதை இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். முதல் கிழமை, "சாப்பிட்டீங்களோ?" என்று புரொபெசோரே கேட்டார். தலையை ஆட்டினேன். பாணும் சீஸும் கொண்டுவந்து வைத்தார். அடுத்த நாளும் கேட்டார், ஆட்டினேன், பாண் வந்தது. மூன்றாம் நாள், "உங்கடை வீட்டிலை ஆரும் சமைக்கிறதில்லையோ, சின்யோரா?" என்றார். வெட்கத்தில் உருகிப்போனேன். பிறகு என் தலையாட்டல் அவருக்குப் பழகிவிட்டது. நான் சரித்தால் ஓம். அந்த வீட்டில் நான் பேசிய பேச்சு முக்கால்வாசியும் அதுதான்.

அந்த லாச்சியில் பதினொரு குருவி இருந்தன. புரொபெசோரேயின் சித்தப்பா ஒருவர் பிழைப்புத் தேடிக் கப்பலேறி, அவுஸ்திரேலியாவின் வடக்கில் கரும்பு வெட்டப் போனவராம். கரும்புத் தோட்டத்துக்குப் பின்னால் மழைக்காடு. ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்குள் போய்ச் சுட்டு, உரித்து, நஞ்சு பூசி, பெட்டியில் அடுக்கி அனுப்பியிருக்கிறார். கடதாசித் துண்டில் இடமும் நாளும் எழுதி, எல்லாவற்றிலும் ஒரே பெயரைப் போட்டிருந்தார்: மாஞ்சாமியேலே. தேன் தின்னி என்று அர்த்தம். பூவுக்குள் நாக்கை விட்டுத் தேன் குடிக்கிற குருவிகள்.

"சித்தப்பாவுக்கு எல்லாம் ஒண்டு," என்றார் புரொபெசோரே. "ஆனால் இதிலை ரெண்டு சாதி இருக்கு. அதைக் கண்டுபிடிக்க எனக்கு எத்தனை வருஷம் போச்சுது தெரியுமோ?"

பார்த்தால் எனக்கும் எல்லாம் ஒன்றாய்த்தான் தெரிந்தது. காய்ந்த முருங்கையிலை நிறம். காதடியில் ஒரு மஞ்சள் புள்ளி. யன்னல் வெளிச்சத்தில் இரண்டை அருகருகே வைத்து, பூதக்கண்ணாடியை என் கையில் தந்தார். ஒன்றின் புள்ளி மூலை வைத்து வெட்டி ஒட்டினது போல முக்கோணமாய் இருந்தது. மற்றதினுடையது சின்னது, வட்டம். ஒன்றின் சொண்டு தடிப்பு. மற்றதின் சொண்டு மெல்லிசு. ஒன்றுக்கு வாய்க்கடையிலிருந்து கண்ணுக்குக் கீழே மஞ்சள் கோடு தடிப்பாய் ஓடும். மற்றதுக்கு அது மயிர் போல.

"பெரிசு சின்னனைப் பாத்து முடிவெடுக்கக்கூடாது," என்றார். "சின்னச் சாதியிலை ஆண், பெரிய சாதியிலை பெண் அளவுக்கு வரும். மங்கின தோலிலை புள்ளியும் பேய்க்காட்டும். ஒரு அடையாளத்தை நம்பாதேங்கோ. மூண்டையும் பாருங்கோ."

இரண்டுக்கும் அவர் லத்தீனில் பெயர் சொன்னார். எனக்கு வாயில் நுழையவில்லை. "அப்ப நீங்கள் என்ன பேர் வைப்பீங்கள்?" என்று கேட்டார். அப்படி ஒரு கேள்வியை என்னிடம் அதற்கு முன் ஒருவரும் கேட்டதில்லை. பிள்ளைகளுக்குக் கூடப் பெயர் வைத்தது என் மாமனார்தான். நான் நிலத்தைப் பார்த்தபடி, பெரியதைக் காட்டி முக்கோணம் என்றேன், சின்னதைக் காட்டிப் பொட்டு என்றேன். பொட்டு என்றால் என்னவென்று என் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். அவருக்கு அது பிடித்துவிட்டது. "பொட்டு, பொட்டு" என்று அன்றைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் லத்தீன் இல்லை. லாச்சியில் இடப்பக்க வரிசை முக்கோணம், ஆறு. வலப்பக்க வரிசை பொட்டு, ஐந்து.

அவை கத்துகிற விதமும் வேறு. ஒரு நாள் நான் வாளியோடு நிற்கும்போது, முக்கோணம் எப்படிக் கத்தும் என்று செய்து காட்டினார். "டகடகடகடகடக" என்று ஒரே மூச்சில். வாளி எங்கே போனதோ தெரியாது. நான் சுவரோரம் குந்தித் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தேன். நிலம் முழுக்கத் தண்ணீர். அவர் துணியை எடுத்துக்கொண்டு குனிந்தார். தன் கையாலேயே அந்தத் தண்ணீரைத் துடைத்தார். பிறகு எப்போதாவது அந்தச் சத்தம் போடுவதென்றால், "இப்ப சத்தம் வரப்போகுது" என்று முன்கூட்டியே சொல்வார். பொட்டின் சத்தம் பயமில்லை. நாக்கை மேலே ஒட்டி எடுத்து "டக்" என்று ஒன்று. பொறுத்து, இன்னொரு "டக்".

இப்படி நாலு வருஷம் போனது.

ஒரு மாரி தொடங்குகிற காலத்தில் அவர் வைத்தியரிடம் போய்விட்டு வந்து, கோட்டைக் கழற்றாமல் அப்படியே கதிரையில் இருந்தார். பிறகு மகளுக்குப் போன் எடுத்து, நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். ஞாபகம் குறைந்துகொண்டு போகும் வருத்தம் தனக்கு என்று சொன்னார். மகள் அழுதா. அப்படியென்றால் ஜெனோவாவுக்கு வாருங்கள், அங்கே நல்ல இடம் இருக்கிறது, பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள் என்றா.

"கேள்," என்றார் புரொபெசோரே. "முக்கோணத்தையும் பொட்டையும் பிரிச்சுச் சொல்ல ஏலுமட்டும் நான் என்ரை வீட்டிலை. ஏலாத நாள், நீ எங்கை கொண்டுபோய் விட்டாலும் வாறன். சத்தம் போடமாட்டன்."

"நீங்கள் சொல்லுறது சரியோ பிழையோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும், அப்பா? எனக்கு ரெண்டும் ஒண்டுதானே."

"சின்யோராவுக்குத் தெரியும். இந்தப் பட்டணத்திலை எங்கள் ரெண்டு பேருக்கும்தான் தெரியும்." என் பக்கம் திரும்பினார். "பிழை விட்டால் மகளுக்குச் சொல்லுவீங்கள்தானே?"

நான் தலையை ஆட்டினேன். "ஓம் எண்டுறா," என்று அவர் போனுக்குச் சொன்னார்.

அன்று முதல் நான் வேலைக்கு வருகிற ஒவ்வொரு நாளும் பத்து மணிக் கோப்பி முடிந்ததும் சோதனை. நான் கையுறை போட்டு ஒரு குருவியை எடுத்து வெள்ளைத் தட்டில் வைத்துக் கொண்டுபோவேன். அவர் யன்னலடியில் பூதக்கண்ணாடியோடு குனிந்து பார்ப்பார். பெயரைச் சொல்வார். தலை நிமிர்த்தி என்னைப் பார்ப்பார். நான் ஆட்டுவேன். அவர் பேனையால் கலண்டரில் ஒரு கோடு போடுவார். ஞாயிற்றுக்கிழமை மகள் எனக்குப் போன் எடுத்து, "இந்தக் கிழமையும் எல்லாம் சரியோ?" என்று கேட்பா. "ஸி, சின்யோரா," என்று ஓம் சொல்வேன். உண்மையில் எல்லாம் சரியாய்த்தான் இருந்தது, மாரி முடியுமட்டும்.

ஆபிரிக்கப் பக்கத்துச் சூட்டுக் காற்று வீசி, பல்கனியெல்லாம் செம்மண் படிந்த ஒரு நாள். நான் தட்டில் வைத்தது ஒரு பொட்டு. அவர் வழக்கத்தை விடக் கன நேரம் குனிந்திருந்தார்.

"முக்கோணம்," என்றார்.

நான் திரும்பப் பார்த்தேன். வட்டம். மெல்லிய சொண்டு. மயிர்க்கோடு. மூன்றும் பொட்டு. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், சிலேட்டில் எழுதிக் காட்டிவிட்டு நிற்கிற பிள்ளை மாதிரி. என் தலை தானாக ஆடியது. அவர் சிரித்து, கலண்டரில் கோடு போட்டார்.

வாயால் நான் பொய் சொல்லவில்லை என்று அன்று முழுக்க எனக்குள் சொல்லிக்கொண்டேன். தலையாட்டுவது எங்களுக்கு ஓமும்தான், கேட்டுக்கொண்டேன் என்பதும்தான், சரி விடுங்கோ என்பதும்தான். அப்படி ஒரு நியாயம். படித்த மனிசன், என்னிலும் மூத்தவர். அவருடைய முகத்தைப் பார்த்துப் பிழை என்று சொல்ல எனக்கு எங்கே துணிவு? அதுவும் ஒரு பெயர் வைக்கச் சொல்லி என்னைக் கேட்ட மனிசனை.

அடுத்த நாள் சரியாகச் சொன்னார். எனக்கு மூச்சு வந்தது. நாலு நாள் சரி. பிறகு ஒரு பிழை. பிறகு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் பிழை. ஞாயிற்றுக்கிழமை மகள் கேட்டபோது பழையபடி "ஸி, சின்யோரா" என்றேன், அது வாயால்தான். சோதனை முடிய அவரே குருவியைக் கொண்டுபோய் லாச்சியில் வைப்பார், வரிசை மாறி. பின்னேரம் வீட்டுக்கு வெளிக்கிட முதல் நான் களவாய்ப் போய் அதைத் திருப்பி அதன் இடத்தில் வைத்துவிட்டு வருவேன். செய்யச் செய்ய அதுவும் என் வேலைகளில் ஒன்று மாதிரி ஆகிவிட்டது. யன்னல் பூட்டு, குப்பை எடு, குருவியை மாற்று.

என்னோடு ஒரே பஸ்ஸில் வருகிறவள் ஒருத்தி இருக்கிறாள், மன்னார்ப் பக்கத்து வேதக்காரி. என்னில் பத்து வயது இளமை, வாய் மட்டும் பத்து மடங்கு. அவளுக்கு மட்டும் கொஞ்சம் சொன்னேன்.

"குருவியை வைச்சுச் சோதனையோ!" என்று பஸ் முழுக்கக் கேட்கச் சிரித்தாள். "என்ரை சின்யோரா நாய்க்குப் பிறந்தநாள் கேக் வெட்டுறா. உங்கடை ஆள் செத்த குருவிக்குப் பள்ளிக்கூடம் நடத்துறார். நல்ல ஆக்களிட்டைத்தான் மாட்டியிருக்கிறம்."

"மெதுவாக் கதை, பிள்ளை."

"ஆருக்கு விளங்கப் போகுது? சரி, அக்கா, அவர் பிழை விட்டால் நீங்கள் என்ன செய்யிறீங்கள்?"

தலையை ஆட்டினேன்.

"இந்தத் தலையாலை ஒருநாள் கெடப் போறீங்கள்," என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது. "தனியா இருக்கிற மனிசன். காஸை திறந்து விட்டிட்டு இருந்தாரெண்டால்? பிறகு பொலிஸ் மகளைத் தேடாது. அந்த வீட்டுத் திறப்பு வைச்சிருக்கிற ஆளைத்தான் தேடும்."

ஒரு அடையாளத்தை நம்பாதேங்கோ, மூண்டையும் பாருங்கோ. அவர் சொல்லித் தந்ததையே அவரில் வைத்துப் பார்க்கத் தொடங்கினேன். அது எனக்கே பிடிக்கவில்லை. வீட்டுத் திறப்பு மாப் போத்தலுக்குள் கிடந்தது. செத்துப்போன மனைவிக்கும் சேர்த்து இரண்டு கோப்பை எடுத்து வைத்தார். பிறகு கையுறையை மறந்தார். வெறுங்கையால் குருவியைத் தூக்கிவிட்டு, அதே விரலை நாக்கில் தொட்டுப் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் குசினிக்கு இழுத்துக்கொண்டு போனேன். எலுமிச்சம்பழச் சவுக்காரம் போட்டுக் கழுவினேன். "நான் குழந்தையில்லை, சின்யோரா," என்று கையை இழுத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அந்த இழுபறி. லாச்சிக்குப் பூட்டு இல்லை. பூட்டுப் போட வேண்டும் என்று மகளிடம் சொன்னால், ஏன் என்று கேட்பா.

வெயில் ஏற ஏற, அவர் எதைப் பார்த்தாலும் முக்கோணம் என்றுதான் சொன்னார். பொட்டு என்ற சொல்லே அவருடைய வாயில் வரவில்லை. நான் முக்கோணமாய்ப் பார்த்து எடுத்து வைத்தேன். அப்படி வைத்தால் சரிதானே. நான் தலையாட்டுவதும் பொய்யில்லையே. கலண்டரில் கோடு நிறைந்தது.

மகள் வருகிறா என்று போன் வந்தது. வெள்ளிக்கிழமைக் கப்பலில் காரோடு வந்து இறங்குவா, சனிக்கிழமை சோதனையைத் தானும் பார்ப்பா. அதற்கு முந்தின புதன்கிழமைதான் அது நடந்தது.

நான் பின் பல்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து "டக்" என்று சத்தம். பொறுத்து, இன்னொரு "டக்". எனக்குச் சந்தோஷமாய்ப் போய்விட்டது. பொட்டின் சத்தம்! கன நாளைக்குப் பிறகு அவருக்கு அது ஞாபகம் வந்திருக்கிறது. இன்றைக்குப் பொட்டையே எடுத்து வைப்போம், சொன்னாலும் சொல்வார் என்று நினைத்தபடி, ஒரு படுக்கை விரிப்பை உதறி நாலு கவ்வி போட்டேன். அதற்குள் "டக் டக் டக்" என்று அடுத்தடுத்துக் கேட்டது. பொட்டு அப்படி விடாமல் கத்தாது.

குசினிக்குள் காஸ் மணந்தது. அவர் அடுப்புக்கு முன்னால் நின்று, பற்றவைக்கிற பொத்தானை அமத்திக்கொண்டிருந்தார். நான் உள்ளே கால் வைக்கவும் குப்பென்று பிடித்தது. நீல நெருப்பு ஒரு முழம் எழும்பி அடங்கியது. நெருப்பின்மேல் சின்னச் சட்டி. சட்டிக்குள் தண்ணீர், பாதி வெங்காயம், ஒரு குருவி. காலில் கட்டின கடதாசித் துண்டு நனைந்து சட்டியின் விளிம்பில் ஒட்டிக் கிடந்தது. சித்தப்பாவின் கையெழுத்து நீலமாய்க் கரைந்து தண்ணீருக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"காடை," என்றார். முகம் நல்ல சந்தோஷமாய் இருந்தது. "நீங்களும் சாப்பிட்டிட்டுப் போகலாம்."

அடுப்பை நிற்பாட்டினேன். யன்னலை எல்லாம் திறந்தேன். மேசையில் கரண்டி கிடந்தது, நனைந்து. கிண்டின கரண்டியோ, வாய்க்குள் போன கரண்டியோ தெரியவில்லை.

"புரொபெசோரே, இதைக் குடிச்சீங்களோ?"

யோசித்தார். "உப்புக் காணாது," என்றார்.

தண்ணீர் இன்னும் சூடேறவில்லை, பச்சைத் தண்ணீர்தான். அதைச் சொல்லிச் சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டேன். வாய் கொப்பளிக்க வைத்தேன். ஒரு கோப்பை பால் குடிக்கக் கொடுத்தேன். நஞ்சுக்குப் பால் என்று ஊரில் சொல்வார்கள், சரியோ பிழையோ யாருக்குத் தெரியும். அம்புலன்சைக் கூப்பிட்டிருக்க வேண்டும். தெரியும். கூப்பிட்டால் கேள்வி வரும், கேள்விக்கு வாய் திறக்க வேண்டும். நான் அவருக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன், பின்னேரம் வரை. கையில் போன், திரையில் மகளின் நம்பர். வெளிச்சம் அணைய அணைய விரலால் தொட்டு எழுப்பினேன், அமத்தவில்லை. அவர் முகம் வெளிறுகிறதா, வயிற்றைப் பிடிக்கிறாரா என்று பார்த்தபடியே இருந்தேன். அவர் பேப்பர் வாசித்தார். ஒரே பக்கத்தை.

ஒன்றும் நடக்கவில்லை. குருவியையும் சட்டியையும் மூன்று பைக்குள் சுற்றித் தெருக் குப்பைத் தொட்டியில் போட்டேன். பஸ் ஏறினேன். அடுத்த நாள் பஸ்ஸில் மன்னார்க்காரிக்குச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சிலுவைக் குறி போட்டாள்.

"அக்கா, நீங்கள் சொல்லாட்டி நான் வந்து சொல்லுவன். ஒருநாளும் போகாத வீடெண்டாலும் மணி அடிச்சுச் சொல்லுவன்."

"நானே சொல்லுறன், பிள்ளை."

"தலையாலையோ, வாயாலையோ?"

வெள்ளிக்கிழமை, நான் வேலை முடிந்து வந்த பிறகு மகள் வந்து இறங்கியிருந்தா. சனிக்கிழமை எனக்கு லீவு, சோதனைக்கென்றே போனேன். மகள் என்னைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினா. புரொபெசோரே வடிவாய்ச் சவரம் செய்து, கழுத்துப்பட்டி கட்டியிருந்தார்.

"சின்யோரா, நீங்கள்தான் எங்கடை வீட்டைக் காப்பாத்துறீங்கள்," என்றா மகள். "ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையிலை மேசை சொல்லி வைச்சிருக்கிறன். சோதனை முடிய மூண்டு பேரும் போய் மீன் சாப்பிடுவம். நீங்களும் வரவேணும், சாட்டுச் சொல்லக்கூடாது."

பத்து மணிக் கோப்பி முடிந்தது. நான் கையுறை போட்டுக்கொண்டு லாச்சியை இழுத்தேன். இடப்பக்கம் ஆறு முக்கோணம். வலப்பக்கம் நாலு பொட்டு, கடைசியில் ஒரு குருவி நீளத்துக்குப் பஞ்சு வெறுமையாய்ப் பள்ளம் விழுந்து கிடந்தது. இடப்பக்கம் கையை வைத்தால் அவர் இந்த வீட்டில் இருப்பார். எல்லாரும் கடலுக்குப் போவோம். மகள் திங்கட்கிழமை சந்தோஷமாய்க் கப்பல் ஏறுவா. செவ்வாய்க்கிழமை நான் பல்கனியில் நிற்பேன், உள்ளே "டக்" என்று கேட்கும்.

வலப்பக்கம் ஒன்றை எடுத்தேன்.

அவர் குனிந்தார். மகள் அவருடைய தோளில் கை வைத்தபடி என்னைப் பார்த்துக் கண்ணடித்தா.

"முக்கோணம்," என்றார் புரொபெசோரே.

"பிராவோ, அப்பா!" என்று மகள் கை தட்டப் போனா. பிறகு என்னைப் பார்த்தா. அவரும் பார்த்தார், அதே பிள்ளைப் பார்வை. என் கழுத்து ஆடத் தொடங்கியது. தொடங்கியதை நான் பிடித்து நிறுத்தினேன். இல்லை என்கிற சொல் வாய்க்கு வரவில்லை. இங்கத்தைய சந்தைக்காரர்கள் செய்வார்களே, நாடியை மேலே தூக்கி நாக்கால் ஒரு தட்டுத் தட்டுவது, அது வந்தது. இந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

மகளின் கை அந்தரத்தில் நின்றது. "இல்லையோ?"

"நேற்று ஓம் எண்டவ," என்றார் புரொபெசோரே. குரலில் கோபமில்லை, குழப்பம்தான். "முந்தநாளும் ஓம் எண்டவ. கேள் அவவை. எந்த நாள் பொய் சொன்னவ எண்டு கேள்."

"சின்யோரா," என்றா மகள் மெதுவாய், "அப்பா வாழ்நாள் முழுக்க இதைப் பாத்தவர். நீங்கள்..." மிச்சத்தைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. ஐந்தாம் வகுப்பு.

நான் தட்டை யன்னலடிக்குக் கொண்டுபோனேன். இடப்பக்கத்துக் குருவி ஒன்றையும் எடுத்து அருகில் வைத்தேன். இது மூலை, இது வட்டம். இது தடிப்பு, இது மெல்லிசு. இந்தக் கோட்டைப் பாருங்கோ, இந்தக் கோட்டைப் பாருங்கோ. இத்தாலியனில் நான் அவ்வளவு நீளமாய்க் கதைத்தது அதுதான் முதல் தடவை. மகள் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தா. நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"எனக்கு ரெண்டும் ஒண்டாத்தான் தெரியுது."

அவவுக்கு அவர் வெல்ல வேண்டும். எனக்கு அது விளங்கியது. எனக்கும் அப்படித்தான் இருந்தது, அத்தனை மாதமும்.

"எண்ணிப் பாருங்கோ," என்றேன்.

"என்னத்தை?"

"குருவியளை."

மகள் லாச்சிக்கு முன்னால் போய் நின்று எண்ணினா. தட்டில் இருந்த இரண்டையும் சேர்த்து எண்ணினா. திரும்ப எண்ணினா. "பதினொண்டு எல்லோ," என்றா. "சின்னனிலை இதை எண்ணித்தான் எண் படிச்சனான். மற்றது எங்கை?"

சட்டியைச் சொன்னேன். வெங்காயத்தைச் சொன்னேன். காஸ் மணத்ததை, கரண்டி நனைந்திருந்ததை, பால் கொடுத்ததை, அம்புலன்சைக் கூப்பிடாததை. எப்போதிருந்து பிழை விடுகிறார் என்று கேட்டா. செம்மண் காற்று அடித்த நாளிலிருந்து என்றேன். பிறகு நான் என்ன செய்தேன் என்று கேட்டா. முக்கோணமாய்ப் பார்த்து எடுத்து வைத்ததையும் சொன்னேன். என்னை ஏசுவா என்று நின்றேன். ஏசவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

"உப்புக் காணாமல் இருந்தது," என்றார் புரொபெசோரே, கதிரையில் இருந்தபடி.

மகள் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குப் போனா. சுவரில் உள்ள காஸ் குழாயின் பிடியை முறுக்குகிற சத்தம் கேட்டது. அடுப்பு எரியவே இல்லை, ஆனாலும் முறுக்கினா. பிறகு போனில் கதைக்கிற சத்தம். முதலில் ஒரு வைத்தியரோடு. புதன்கிழமை என்றா, நஞ்சு என்றா, இன்றைக்கே கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றா. அடுத்தது சாப்பாட்டுக் கடைக்கு, மேசை வேண்டாம் என்று. மூன்றாவது துறைமுகத்துக்கு. திங்கட்கிழமைக் கப்பலில் ஒரு காரும் இரண்டு ஆளும் என்றா. ஒன்றில்லை, இரண்டு என்று திருப்பிச் சொன்னா.

"கடலுக்குப் போகேல்லையோ?" என்று அவர் என்னைக் கேட்டார்.

அவர் எழும்பினார். வெறுங்கையால் தட்டிலிருந்த இரண்டு குருவியையும் தூக்கிக்கொண்டு போய், இரண்டையும் முக்கோண வரிசையில் ஒழுங்காய்ச் சரித்து வைத்து, சொண்டெல்லாம் ஒரே திசையில் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, லாச்சியைத் தள்ளி மூடினார்.

நான் போய்த் திரும்பத் திறந்தேன். அவர் பார்த்துக்கொண்டு நிற்கவே, பொட்டை எடுத்து வலப்பக்கம் வைத்தேன். களவில்லாமல் அதைச் செய்தது அன்றைக்குத்தான்.

பிறகு அவருடைய இரண்டு கையையும் பிடித்துக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மகள் சுவரோடு சாய்ந்து நின்றா, வழி விட்டா. விரல் விரலாய்ச் சவுக்காரம் போட்டு, நகக்கண்ணெல்லாம் தேய்த்துக் கழுவினேன். அன்றைக்கு அவர் கையை இழுக்கவில்லை. குழந்தையில்லை என்று சொல்லவும் இல்லை.